ஃபயர் எம்ப்ளத்துல 80% விழுது, எக்ஸ்காம் 2-ல அதே 80% மிஸ் ஆகுது. ஏன்?

நாலாவது_டர்ன்:
ஸ்விட்ச்ல ரெண்டு கேம் மாத்தி மாத்தி ஓடுது. ஒண்ணு ஆன்லைன் சந்தாவோட வர்ற கேம் பாய் அட்வான்ஸ் ஃபயர் எம்ப்ளம், இன்னொண்ணு எக்ஸ்காம் 2. ரெண்டுமே டர்ன் மாத்தி மாத்தி ஆடுற போர் வியூக கேம், அடிக்கிறதுக்கு முன்னாடி அடி விழ எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு திரையில காட்டும். முதல் கேம்ல 80 காட்டினா கண்ணை மூடிட்டு அடிக்கலாம் போல இருக்கு. எக்ஸ்காம்ல அதே 80-க்கு பாதி நேரம் தோட்டா காத்துல போகுது. இது மனப்பிரமையா, இல்ல கணக்கே வேறயா? அப்புறம் ரெண்டுலயும் பழைய சேவ்-ல இருந்து லோட் பண்ணி அதே அடியை அடிச்சா அதே முடிவுதான் வருது, அது ஏன்? எத்தனை சதவீதம் இருந்தா நம்பி இறங்கலாம்? "உன் ராசி அப்படி"ன்னு சொல்லாம கணக்கோட சொல்றவங்க சொல்லுங்க.

அறுகோணம்:
பிரமை இல்லை, கணக்கே வேறுதான். நீங்கள் ஆடும் ஃபயர் எம்ப்ளத்தில் ஒவ்வொரு அடிக்கும் 0 முதல் 99 வரை இரண்டு எண்கள் எடுக்கப்படும். இரண்டின் சராசரி திரையில் காட்டும் எண்ணுக்குக் கீழே இருந்தால் அடி விழும். இரண்டு எண்ணைச் சராசரி எடுக்கும்போது விடைகள் 50-ஐச் சுற்றியே குவிகின்றன. அதனால் 50-க்கு மேல் காட்டுவது உண்மையில் இன்னும் அதிகம், கீழே காட்டுவது இன்னும் குறைவு. 90 என்றால் 98.1. 80 என்றால் 92.2. 75 என்றால் 87.75. நடுவில் 50 மட்டும் 50.5 என்று ஏறக்குறைய அப்படியே நிற்கும். கீழே போனால் 30 என்பது 18.3, 20 என்பது வெறும் 8.2.

அடுத்தடுத்து மூன்று பேர் 80-இல் அடிக்கிறார்கள், மூன்றும் விழுந்தால்தான் எதிரித் தலைவன் சாவான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்காமில் அதற்கு வாய்ப்பு 51.2%. ஃபயர் எம்ப்ளத்தில் 78.4%. உங்களுக்குத் தோன்றியது இந்த வித்தியாசம்தான்.

இந்த இரண்டு எண் முறை 2002-இல் ஜப்பானில் மட்டும் வந்த பைண்டிங் பிளேடு என்ற ஃபயர் எம்ப்ளம் கேமில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஃபயர் எம்ப்ளம் கேம்களில் ஒரே எண். 2019-இல் வந்த த்ரீ ஹவுசஸிலும் இரண்டு எண்தான். அதே வரிசையில் 2015-இல் வந்த ஃபேட்ஸில் கவனம் தேவை. அதில் 50-க்குக் கீழே ஒரே எண், காட்டுவது அப்படியே உண்மை. பழைய பழக்கத்தில் "30 தானே" என்று எதிரிக் கூட்டத்துக்கு நடுவில் ஆளை நிறுத்தினால் அங்கே அடி வாங்குவீர்கள்.

இதைப் பயன்படுத்த வேண்டிய இடம் உங்கள் தாக்குதலைவிட எதிரியின் டர்ன். ஒருவனை நான்கு எதிரிகள் ஆளுக்கு ஒரு தடவை 50-இல் அடித்தால், ஒரு அடியும் படாமல் தப்பிக்க வாய்ப்பு சுமார் 6%. அதே ஆளைக் காட்டுக் கட்டத்தில் நிறுத்துங்கள். அவாய்ட் (அடியிலிருந்து விலகும் எண்) 20 கூடி, எதிரிக்கு 30 என்று காட்டும். உண்மையில் 18.3. நான்கையும் தட்டிவிட்டுப் போக இப்போது 45% வாய்ப்பு. ஒரு கட்டம் தள்ளி நின்றதற்கு இவ்வளவு லாபம்! போதாததற்கு டிஃபென்சும் 1 கூடும்.

ஒரு எச்சரிக்கை: கிரிட்டிகலுக்கு (அபூர்வமாக விழும் பலத்த அடி) இந்தச் சலுகை கிடையாது. அது ஒற்றை எண், சேதம் மும்மடங்கு. எதிரி கையில் கில்லர் வகை ஆயுதம் இருந்தால் கிரிட்டிகல் 30 கூடுகிறது. வரைபடம் தொடங்கியதும் எதிரிகள் ஒவ்வொருவர் மேலும் ஆர் பட்டனை அழுத்தி ஆயுதத்தைப் பார்த்துவிடுங்கள். மும்மடங்கு சேதத்தைத் தாங்காத ஆள் அவன் எட்டும் தூரத்தில் நிற்கக் கூடாது.

மூடுபனி:
எக்ஸ்காம் பக்கம் நான் சொல்றேன். அங்க ஒரே எண்தான். அதுலயும், குறைஞ்ச கடினத்துல ஆடினா தொடர்ந்து மிஸ் ஆகும்போது கேமே மறைவா கொஞ்சம் கூட்டித் தரும். லெஜண்ட்ங்கிற உச்சக் கடினத்துல அதுவும் கிடையாது.

ஆனா எத்தனை சதவீதத்துக்கு நம்பலாம்னு யோசிக்கிறதே தப்பான இடத்துல ஆரம்பிக்கிறது. இந்த ஷாட் மிஸ் ஆனா அடுத்து என்ன, அதைக் கேளுங்க. பதில் இருந்தா 50-லயும் சுடலாம். பதில் இல்லேன்னா 90-ம் சூதாட்டம்தான்.

எதிரியோட அரை மறைப்பு உங்க எய்ம்ல (குறி பிடிக்கிற எண்) 20 கழிக்கும், முழு மறைப்பு 40. புது ஆளுக்கு எய்ம் 65. அவன் முழு மறைப்புல நிக்கிறவனைச் சுட்டா, தூரத்துக்கான கூட்டல் கழித்தலுக்கு முன்னாடியே 25-தான். அதனால சுடுறதுக்கு முன்னாடி மறைப்பை எடுத்துடுங்க. வழி மூணு இருக்கு. கையெறி குண்டு மிஸ் ஆகாது, மறைப்பையும் சேர்த்து உடைக்கும். குண்டுக்குச் செத்தவன் பொருள் எதுவும் போட மாட்டான், அதனால குண்டை முதல்ல போட்டு, மிச்ச உயிரைத் துப்பாக்கியால எடுங்க. ரெண்டாவது, பக்கவாட்டுக்குப் போறது. மறைப்பு கணக்குலயே வராது, கிரிட்டிகலும் ஏறும். மூணாவது, உயரமான இடத்துல இருந்து சுடறது, மறைப்பு போகாது, ஆனா எய்ம் கூடும்.

வரிசையும் முக்கியம். உறுதியான சேதம் முதல்ல, சந்தேகமான ஷாட் அடுத்து. இன்னும் எதுவும் செய்யாத ஒரு ஆள் கடைசி வரைக்கும் கையில இருக்கணும்.

பெரும்பாலும் ஆள் சாகிறது மிஸ்ஸால இல்ல, "பாட்"னு சொல்ற, ஒண்ணா சுத்துற எதிரிக் கூட்டத்தை எழுப்பி விடறதால. கடைசி ஆளைப் பார்க்காத கட்டத்துக்கு ஓடவிட்டா புதுசா ஒரு கூட்டம் முழிச்சுக்கும், இலவசமா ஓடி மறைப்புக்குள்ள போயிடும், அடுத்தது அவங்க டர்ன். இருட்டைத் திறக்கிறது முதல் ஆளோட வேலை. மத்தவங்க அவன் ஏற்கெனவே திறந்த கட்டத்துக்குள்ளயே நிக்கட்டும்.

நாலாவது_டர்ன்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. லோட் பண்ணினா அதே முடிவு வர்றது மட்டும் இன்னும் புரியல. எக்ஸ்காம்ல ஓவர்வாட்ச் (எதிரி நகர்ந்தா சுடக் காத்திருக்கிறது) நம்பலாமா?

அறுகோணம்:
எண்கள் அந்த நேரத்தில் புதிதாகப் பிறப்பதில்லை. அடுத்து வரப்போகும் எண்களின் வரிசை முன்பே தீர்மானமாகி, சேவுடன் சேர்ந்து பதிவாகிவிடும். அதே செயலைச் செய்தால் அதே எண்தான் கையில் வரும்.

வரிசையை நகர்த்த வேண்டும். கேம் பாய் அட்வான்ஸ் ஃபயர் எம்ப்ளத்தில் ஓர் அடிக்கு இரண்டு எண் செலவாகும், அடி விழுந்தால் கிரிட்டிகலுக்கு இன்னொன்று. லெவல் ஏறினால் ஏழு குணங்களுக்கும் தனித்தனியாக எண் போகும். ஆகவே வேறொரு மூலையில் இருக்கும் சின்னச் சண்டையை முதலில் முடித்துவிட்டு வந்தால், அந்த அடிக்கு வேறு எண் விழும். லெவல் ஏறும்போது ஒன்றும் கூடாமல் போவதற்கும் இதே மருந்து. த்ரீ ஹவுசஸில் டிவைன் பல்ஸ் (நேரத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதி) போட்டுப் பின்னால் போனாலும் இதே விதிதான். அங்கே இன்னொரு வழியும் உண்டு: எண்ணை மாற்ற முடியாவிட்டால் ஆயுதத்தை மாற்றுங்கள். மயிரிழையில் தவறிய அடி, அடி விழும் வாய்ப்பு (ஹிட்) அதிகமுள்ள ஆயுதத்தில் அதே எண்ணுக்கே விழலாம்.

மூடுபனி:
எக்ஸ்காம்லயும் அதே கதைதான், வேற ஆளை முதல்ல சுடவிட்டா முடிவு மாறும். ஓவர்வாட்ச் ஷாட்டுக்கு எய்ம் 70%-ஆ குறைஞ்சுடும். கண்ணுக்கு முன்னாடி எதிரி இருக்கும்போது 60 காட்டினா இப்பவே சுடுங்க. ஓவர்வாட்ச் யாரும் தெரியாதப்போ போடறதுக்கு. ஆரம்பத்துல மறைஞ்சிருந்து பதுங்கித் தாக்கும்போது மட்டும் அந்தக் கழிவு இல்ல. நாலு பேரை ஓவர்வாட்ச்ல வெச்சு ஒருத்தன் முதல்ல சுடறது அதனாலதான் நல்லா வேலை செய்யுது.

நீலப்படை:
மேலே சொன்னது எல்லாம் சரி. இருந்தாலும் மிஸ் ஆவதே பிடிக்காதவர் இந்த இரண்டோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அதே ஸ்விட்சில் 2023-இல் வந்த அட்வான்ஸ் வார்ஸ் 1+2 ரீ-பூட் கேம்ப் இருக்கிறது. அதில் அடி தவறவே தவறாது. சேதத்தோடு 0 முதல் 9 வரை ஒரு சின்ன அதிர்ஷ்டம் கூடும், அவ்வளவுதான். சமவெளியில் நிற்கும் முழு உயிர் டாங்கியைப் பீரங்கியால் அடித்தால் 100-இல் 63 முதல் 71 வரை போகும், திரையில் 10-க்கு 3 அல்லது 4 உயிர் மிஞ்சும். அடுத்து உங்கள் டாங்கி அடித்தால் கதை முடிந்தது, திருப்பி அடிக்க ஆளே இருக்காது. வரிசையை மாற்றி டாங்கியை முதலில் விட்டால், பாதி உயிரோடு நிற்பவன் திருப்பி அடிப்பான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பீரங்கி நகர்ந்த டர்னில் சுடாது, பக்கத்துக் கட்டத்தில் இருப்பவனையும் சுடாது. அதன் எல்லை 2 முதல் 3 கட்டம். முன்னால் ஒரு காலாட்படையாவது நிற்க வேண்டும்.

இன்னும் கறாராக வேண்டுமென்றால் 2018-இன் இன்டு தி பிரீச். 8-க்கு 8 கட்டம், எதிரி யாரை அடிக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே திரையில் தெரியும். கட்டடம் அடியைத் தாங்குவதற்கான 15% மட்டும் அதிர்ஷ்டம். அதுவும் உங்களுக்குச் சாதகமாக வருவது, கணக்கில் சேர்க்காமல் ஆடுங்கள்.