முதல் கார், பழைய ஸ்விஃப்ட்: டீசலா, பெட்ரோலா? பானெட் சூடாக இருந்தது, உதவுங்கள்

மஞ்சக்குப்பம் வாசி:
வணக்கம். முதல் தடவையாக கார் வாங்கப் போகிறேன், பழசுதான். கையில் நாலு லட்சம், பேப்பர் செலவு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இரண்டு ஸ்விஃப்ட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2014 டீசல், டிஎன் 31 (நம்ம கடலூர் நம்பர்), இரண்டாவது ஓனர், 1,40,000 கிமீ ஓடியது, 3.30 லட்சம் சொல்கிறார்கள். இன்னொன்று 2015 பெட்ரோல், பிஒய் 01 (புதுச்சேரி நம்பர்), ஒரே ஓனர், 58,000 கிமீ, 3.65க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்.

வேலை நெல்லிக்குப்பத்தில், அதற்கு பைக் போதும். அப்பாவை புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத்தான் கார், பஸ்ஸில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. மனைவி ஊர் சிதம்பரம், அப்புறம் மார்க்கெட், பிள்ளைகள் டியூஷன். எப்படிக் கூட்டினாலும் மாதம் 600 கிமீ தாண்டாது.

மாமா டீசல்தான் வாங்கணும் என்று நிற்கிறார். அந்த வண்டியைப் பார்க்கப் போனேன், சாவி போட்டதும் பட்டென்று ஸ்டார்ட் ஆனது, புகையே இல்லை, பிக்கப்பும் அருமை. ஆனால் அதற்கு முன்னாலேயே பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், நல்ல சூடு. காலையிலிருந்து வண்டியை எடுக்கவே இல்லை என்றார் புரோக்கர். நிழலில்தான் நின்றது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பாகூர் ரோடு:
ப்ரோ, அந்த 1.3 டீசல் ஃபியட் டிசைன், 1248 சிசி, டாடாவும் இதே இன்ஜினைத்தான் போட்டார்கள். டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயில் ஒழுங்காக மாற்றினால் இரண்டு லட்சம் கிமீ எல்லாம் சாதாரணம், என் டிசையரும் அதைத் தாண்டி ஓடுகிறது. ஆனால் நான் வாரத்தில் பாதி நாள் சென்னை ரோட்டில் இருப்பவன். சர்வீஸ் புக் இருந்தால் டீசலை எடுங்கள், டிஎன் நம்பர் வேறு, பேப்பர் தொல்லை இல்லை.

செம்மண்டலம் மெக்கானிக்:
தம்பி, மேலே சொன்னவர் சொன்னது சரி, நல்ல இன்ஜின்தான். ஆனால் அவர் ஓட்டம் வேறு, உன் ஓட்டம் வேறு. கணக்கைப் பார். பெட்ரோல் 16, டீசல் 20 மைலேஜ் கொடுக்கும் என்று வை, லிட்டர் 100, 92 என்று வை. 600 கிமீக்கு பெட்ரோல் 3,750 ரூபாய், டீசல் 2,760. மாதம் ஆயிரம்தான் மிச்சம். டர்போவோ இன்ஜெக்டர் செட்டோ ஒரு தடவை கை கொடுக்காமல் போனால் இரண்டு வருட மிச்சம் அதிலேயே போய்விடும். அதோடு, டியூஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் இரண்டு கிமீ ஓட்டி நிறுத்துகிற டீசலில் இன்ஜின் சூடாகவே சூடாகாது, புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் வால்வில் கரி ஏறிக்கொண்டே இருக்கும், அப்புறம் பிக்கப் இல்லை என்று என் மாதிரி ஆளிடம்தான் வருவாய். ஜிப்மர் போகும்போது புதுச்சேரி பங்கில் போட்டால் பெட்ரோல் நம் ஊரைவிட விலை குறைவு, அதையும் சேர்த்துக்கொள்.

பானெட் விஷயத்துக்கு வருகிறேன். நிழலில் நின்ற வண்டியில் சூடு இருந்தால், நீ வருவதற்கு முன்னால் ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தேய்ந்த டீசல் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். காலையில் ஆறு, ஆறரைக்கு, வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாமல் போ. சாவியைத் திருப்பி, இன்ஜினை உள்ளே சூடாக்குகிற குளோ பிளக்கின் விளக்கு அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல். இழுத்து இழுத்துப் பிடிக்கிறதா, பிடித்தவுடன் இன்ஜின் பக்கவாட்டில் கலகல என்று செயின் சத்தம் வருகிறதா, கவனி. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரையோ கம்ப்ரஷனையோ சந்தேகப்படு. ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி லேசாக மேலே வை. மூடி தடதட என்று ஆடி, அங்கிருந்து புகை விட்டு விட்டுக் குப் குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் உள்சுவரும் தேய்ந்துவிட்டது, அந்த வண்டியைத் தொடாதே.

அரியாங்குப்பம்:
பிஒய் வண்டி என்று பயப்பட வேண்டாம், ஆனால் செலவை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் புதுச்சேரி ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கித் தர வேண்டும், படிவம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. கடன் இருந்திருந்தால் 35ம் வேண்டும். அப்புறம் கடலூரில் வாழ்நாள் வரி கட்டி டிஎன் 31 நம்பர் வாங்க வேண்டும். எவ்வளவு வரி என்பதை மஞ்சக்குப்பத்து ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல் ஆர்டிஓவிலேயே கேளுங்கள், அந்தத் தொகையைச் சொல்லித்தான் விலை பேச வேண்டும். பிஒய் நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கடலூரில் குடியிருந்துகொண்டு அப்படி வருடக்கணக்கில் ஓட்ட முடியாது.

10 வருட டீசலை ஓட்டவே முடியாது என்று சொல்வதெல்லாம் டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்த உத்தரவை வைத்துத்தான். இங்கே 15 வருடம் ஆர்சி உண்டு, அப்புறம் எஃப்சி (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) காட்டிப் புதுப்பிக்கலாம்.

ஓல்டு டவுன்:
இன்ஜினைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள், தண்ணீரை மறந்துவிட்டீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து நம் பக்கமும் மூழ்கியது. டீசல் வண்டி 2015 வெள்ளத்தையும் பார்த்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். மேல் பாதி சுத்தமாக இருக்கும், சுருளுக்குள் இருக்கும் அடிப்பகுதியில் செம்மண் கோடு தெரிந்தால் வண்டி முங்கியது. ஸ்டெப்னி குழி, சீட் ரெயில் துரு, கார்ப்பெட் வாடை, எல்லாம் பாருங்கள். கடற்கரை ஓரம் நிறுத்திய வண்டி என்றால் கதவுக்கு அடியிலும் உப்புத் துரு இருக்கும். இன்சூரன்ஸ் க்ளெய்ம் இருந்ததா என்றும் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி விடியற்காலையில் டீசல் வண்டிக்குப் போனேன். நீளமாக இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆனது, சத்தம் வந்தது, ஆயில் மூடி ஆடியது, புகையும் விட்டு விட்டு வந்தது. மாமாவும் கூட வந்து பார்த்தார், அதற்கு மேல் அவர் டீசல் பேச்சை எடுக்கவில்லை. அதை விட்டாயிற்று.

பெட்ரோலுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். சீட் பெல்ட் முழுக்கச் சுத்தம், ஏசி போட்டும் ஐடில் இறங்கவில்லை, கிளட்ச் மட்டும் மேலே பிடிக்கிறது. 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஆகுமா?

செம்மண்டலம் மெக்கானிக்:
2015 வண்டி அதற்காகச் செய்ததில்லை, மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பெட்ரோல் ஹோஸ் ரப்பர் வெடித்திருக்கிறதா பார்த்து, இருந்தால் மாற்று. வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதே. கிளட்ச் மாற்ற வேண்டி வரும், அந்தச் செலவை விலையில் கழி.

மஞ்சக்குப்பம் வாசி:
கழித்தாயிற்று அண்ணே. கிளட்ச், வரி இரண்டையும் சொல்லி 3.40க்கு முடிந்தது. என்ஓசி அவர் செலவு. அது கைக்கு வந்த பிறகுதான் முழுப்பணம் என்று எழுதி வாங்கி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்.

அரியாங்குப்பம்:
நல்லது சார். பெயர் மாறியதும் இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள், நிறையப் பேர் ஆர்சியோடு நின்றுவிடுகிறார்கள்.