பாட்காஸ்டுக்கு ‘ஒலியிதழ்’: சேலத்திலிருந்து ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்காஸ்டை, அதாவது இணையத்தில் தொடராக வருகிற, இறக்கி வைத்துக் கேட்கிற பேச்சு நிகழ்ச்சியை, தமிழில் என்னவென்று சொல்வது என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘வலையொலி’ போதும், இழையை முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும், வானொலியின் வார்ப்பிலேயே வந்திருப்பதால் யாருக்கும் விளங்கிவிடும். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பேச்சில் ல, ள வேறுபாடு நிற்காதவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர், அவர்கள் வாயில் இது வளையொலி, அதாவது வளையல் சத்தம், ஆகிவிடும். எழுத்தில் பார்த்தால் எந்தச் சிக்கலும் இல்லை, சரி. இதுவோ காதை நம்பி நடக்கிற ஊடகம். நிகழ்த்துபவர் தன் முதல் வரியிலேயே இந்தப் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், கேட்பவருக்குத் துணையாக எழுத்து எதுவும் முன்னால் இருக்காது.

இதைவிடப் பெரிய குறை பொருளில் இருக்கிறது. வலையில் வருகிற ஒலி என்றால் இணைய வானொலியும் அதுதான், யூடியூபில் ஓடுகிற பாட்டும் அதுதான். பாட்காஸ்டைத் தனியாகக் காட்டுவது அதன் ஓடை, அதாவது வந்தவற்றின் பட்டியலைத் தாங்கி நிற்கிற ஃபீட். 2000 டிசம்பரில் மென்பொருளாளர் டேவ் வைனர், இந்த ஓடைகளை எழுதுகிற ஆர்எஸ்எஸ் என்ற முறையின் 0.92 பதிப்பில் ஒலிக்கோப்பின் முகவரியையும் ஓடைக்குள் இணைத்து அனுப்ப வழி செய்தார். அதன் பிறகு நம் செயலியே அவ்வப்போது அந்த ஓடையிடம் போய்ப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ள முடிந்தது. அதாவது இங்கே யாரும் எதையும் பரப்புவதில்லை, கேட்பவரின் கருவிதான் போய் எடுத்து வருகிறது. அதனால் ‘வலைபரப்பு’ என்று இன்னொரு நண்பர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கில பிராட்காஸ்ட் என்பதே முதலில் வயலில் விதையைக் கையால் வீசித் தெளிப்பதைக் குறித்த சொல். வானொலிக்கு அது பொருந்தும், ஏனென்றால் அலை எல்லார் வீட்டுக் கூரை மேலும் ஒரே நேரத்தில் விழுகிறது, அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்காதவருக்கு அது போனதுதான்.

ஆங்கிலப் பெயர் மட்டும் யோசித்து வைத்ததா என்ன? 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில், இந்தப் புதிய பழக்கத்தை என்னவென்று அழைப்பது என்று கேட்டு மூன்று பெயர்களைக் கேள்விக்குறியோடு அடுக்கினார். ஆடியோபிளாகிங், பாட்காஸ்டிங், கெரில்லாமீடியா. நடுவில் இருந்தது பிழைத்துக்கொண்டது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸில் இதற்கு இடம் கொடுத்தது, அதே ஆண்டு நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. பெயரில் பாதியைக் கொடுத்த ஐபாட் என்ற பாட்டுக் கேட்கும் கருவியை 2022இல் ஆப்பிள் நிறுத்தியே விட்டது. ஒரு கருவியின் பெயரிலோ அதைக் கொண்டுவருகிற கம்பியின் பெயரிலோ கலைச்சொல்லைத் தொங்கவிட்டால் இதுதான் நடக்கும். ‘வலை’யும் அப்படியொரு கம்பிதான் என்பது என் எண்ணம்.

இங்கே கேட்கிறவர்களைப் பாருங்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கிற நாட்களில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துத் தோட்டங்களுக்குள் போய்விட்டால் சிக்னல் வரும், போகும், நம்ப முடியாது. சேலத்திலிருந்து ஏறும்போதே இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் எத்தனையோ தடவை அறுந்து போகும். அதனால் தெரிந்தவர்கள் கீழேயே இறக்கி வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) அளவில் பதிந்த அரைமணி நேரப் பேச்சு ஏறக்குறைய 14 எம்பிதான், எந்தப் பழைய போனிலும் அடங்கும். அவர்கள் கேட்கிற நேரத்தில் வலையே கிடையாது! சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் வேறு மாதிரி. கண்ணி கோர்த்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை கண்ணையும் கையையும் முழுசாக வாங்கிக்கொள்ளும், காது மட்டும் சும்மா இருக்கும். அங்கே படம் உதவாது, பேச்சு உதவும். ஊதுகிற நேரத்தில் நிறுத்துவது, விட்ட இடத்தை இரண்டு வரி பின்னால் தள்ளித் திரும்பக் கேட்பது, இழுத்துப் பேசுகிறவர் என்றால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது, இதெல்லாம் வானொலியில் நடக்காத காரியம். விசைத்தறிக் கூடத்தில் இதற்கும் வழியில்லை, தறி இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அது தனிக்கதை.

தவணை முறையில் வருகிறது, நம் கைக்கு வந்து சேர்கிறது, எடுத்து வைத்துக்கொண்டு வசதிப்பட்டபோது எடுக்கலாம், பழையதையும் புரட்டலாம், பின்னால் ஓர் ஆசிரியர் இருக்கிறார். இந்தக் குணங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு பொருள் தமிழில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்குகிறது. இதழ். வார இதழ், கையெழுத்து இதழ், சிற்றிதழ், மின்னிதழ் என்று தாள் மாறினாலும் பெயர் நின்றிருக்கிறது. அதனால் ‘ஒலியிதழ்’. நிகழ்த்துபவர் ஒலியிதழாளர். ழகரம் வராதவர்கள் ‘ஒலியிதள்’ என்றாலும் குழப்பிக்கொள்ள வேறு சொல் இல்லை.

‘ஒலியோடை’ சொன்ன தோழிக்கு: உங்கள் சொல்லை நான் தள்ளவில்லை, அது மிகச் சரியாக அந்த ஓடைக்கே உரியது, அங்கேயே வைத்துக்கொள்வோம். வலையொலி இணைய வானொலிக்குப் போகட்டும். கேட்பவருக்குப் புதுச்சொல் வேண்டியதே இல்லை, வானொலிக்காரர்கள் ‘நேயர்’ என்று எத்தனை அன்பான சொல்லைத் தந்து போயிருக்கிறார்கள். எபிசோடுக்கு ‘பகுதி’ போதும். ‘சந்தா’வை மட்டும் தவிர்க்க வேண்டும், காசு கேட்பார்களோ என்று ஆள் பின்வாங்குவார்கள். ஆப்பிளே 2021இல் தன் செயலியில் சப்ஸ்கிரைப் பொத்தானை ஃபாலோ என்று மாற்றியது. நாமும் ‘பின்தொடர்’ என்றே வைப்போம்.

பாட்காஸ்ட் என்றே எல்லாரும் சொல்கிறார்களே, எதற்கு வம்பு என்று கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேசுகிறவர்கள் தாராளமாகச் சொல்லட்டும், நான் தடுக்க வரவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேர் மைக் முன்னால் சோபாவில் உட்கார்ந்து பேசுகிற யூடியூப் காணொலிக்கும் அதே பெயர்தான் ஓடுகிறது. அதற்கென்று திறந்த ஓடை இல்லையென்றால் வேறு செயலியில் எடுத்துக் கேட்க முடியாது, மலையில் இருப்பவருக்கு அது பயன்படாது. இந்த வேறுபாட்டைப் பள்ளிப் பிள்ளைக்குத் தமிழில் விளக்க வேண்டுமானால் நமக்குத் தெளிவான சொற்கள் வேண்டும்.

இந்த வேலை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1916இல் இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் என்று துறை துறையாகச் சொல் தேடினார்கள். அன்று வடமொழி வேரை எடுப்பதா தமிழ் வேரை எடுப்பதா என்பது பெரிய சண்டை. இன்று நமக்கு அந்தத் தொல்லை குறைவு, நேரம்தான் குறைவு.

இன்னும் இரண்டு இடம் பிடிபடாமல் நிற்கிறது. ஒரு பகுதிக்குள் நேரம் குறித்துப் பிரிக்கிற சாப்டருக்கு ‘அத்தியாயம்’ கனமாக இருக்கிறது, ‘கூறு’ என்றால் ஏலம் மாதிரி கேட்கிறது. அடுத்து, வேகம் கூட்டிக் கேட்பதற்கு ஒரு சொல் வேண்டும், ‘விரைகேட்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. ஏற்காட்டு நண்பர்கள் தோட்டத்தில் என்ன சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து