டெல்லியில் அம்மாவுடன் மூன்று நாள்: மெட்ரோ சரிப்படுமா?

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போகிறேன். சனி காலை ஹஸ்ரத் நிஜாமுதீனில் ரயிலை விட்டு இறங்குகிறோம். செவ்வாய் காலை விமானத்தில் திரும்புகிறோம். அறை கரோல் பாக் மெட்ரோ பக்கத்தில்.

அம்மாவுக்கு மூட்டு வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார். படி என்றால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவார். எஸ்கலேட்டர் என்றாலே பயம். குதுப்மினாருக்குப் போக ராஜீவ் சௌக்கில் நீலத்திலிருந்து மஞ்சள் வழித்தடத்துக்கு மாற வேண்டுமே, அந்தக் கூட்டத்தில் லிஃப்ட்டைக் கண்டுபிடிப்பது சுலபமா? ஞாயிறு காலை என்றால் கொஞ்சம் காலியாக இருக்குமா? ஸ்டேஷனிலிருந்து மினார் வரை ஆட்டோதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

செங்கோட்டை, அக்ஷர்தாம் இரண்டும் திங்களன்று மூடியிருக்கும் என்பதால் சனி, ஞாயிறுக்குள் முடிக்கப் பார்க்கிறேன். அக்ஷர்தாமில் செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சோதனை வரிசையில் ஆண், பெண் தனித்தனி. அம்மாவுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. அப்புறம் உள்ளே எந்த இடத்தில் காத்திருக்கச் சொல்லலாம்? சக்கர நாற்காலி கிடைக்குமா?

கடைசி நாள், பெட்டிகளோடு புதுடெல்லி ஸ்டேஷன் போய் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ பிடிப்பதா, பேசாமல் டாக்சியா? எனக்கு டாக்சிதான் தோன்றுகிறது. அம்மாவுக்கோ அந்த ரயிலில் ஏறிப் பார்க்க ஆசை.

வயதானவர்களுடன் போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.