முதல் அத்தியாயத்திலேயே வாசகர் எழும்பிப் போனால் என்ன செய்வது?

வாவிக்கரையான்:
78 புயலை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1978 நவம்பர் 23 ராத்திரி மட்டக்களப்பில் என்ன நடந்தது என்று அம்மம்மா சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான், அதனால் விசயத்துக்குப் பஞ்சமில்லை. முதல் மூன்று பக்கமும் காற்றுத்தான்: வானம் கறுக்கிறது, வாவி கொந்தளிக்கிறது, தென்னை ஒவ்வொன்றாக முறிகிறது. நல்லா வந்திருக்கு என்றுதான் நினைத்தேன். மச்சாளிடம் வாசிக்கக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு "இது ஆர்ர கதை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்னொரு பிரச்சினை, அம்மம்மாவை வைத்து எழுதின கிழவி முதல் பக்கத்தில் எவ்வளவு நல்லவளோ கடைசிப் பக்கத்திலும் அவ்வளவு நல்லவள். எழுதுகிற எனக்கே அலுக்கிறது. எங்கே பிழை விட்டேன்?

களரிக்காரன்:
தம்பி, நான் எழுதுகிறவன் இல்லை, கூத்து ஆடினவன். வடமோடிக் கூத்தில் ராசா வேடக்காரன் வந்ததும் கதை தொடங்கிவிடாது. முதலில் கட்டியகாரன் வந்து ராசா வருகிறார் என்று சொல்லுவான், மறுகா, அதாவது அதுக்குப் பிறகு, வரவுத் தாளம், வரவாட்டம். ராசாவுக்கு ஒரு ஆட்டம், பெண்ணுக்கு வேறு ஆட்டம். சண்டையும் சமாதானமும் இன்னும் எங்கேயோ கிடக்கிறது, ஆனாலும் வட்டக்களரியைச் சுற்றி இருக்கிற சனத்துக்கு இவன் எப்படிப்பட்டவன் என்று அந்தக் கால்வைப்பிலேயே பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை ஆடலாம், ஒருவரும் எழும்ப மாட்டார்கள். கர்ணன் சாவான் என்று தெரியாத ஆள் அங்கே இல்லை, இருந்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருப்பார்கள். உங்கள் மூன்று பக்கத்திலும் மத்தளம்தான் கேட்கிறது, ஆள் இன்னும் களரிக்கு வரவில்லை.

தமிழ் டீச்சர்:
அண்ணன் சொன்னது சரி. நான் அந்தக் கிழவியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் அவள் கதையான வழக்குரையைப் பாடும்போது, முழுக் கதையும் மனப்பாடமான அம்மம்மாமாரும் அசையாமல் இருந்து கேட்பார்கள். ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகுமுன் கண்ணகி எவ்வளவு பேசுகிறாள் என்று பாருங்கள், மிகக் கொஞ்சம். குளத்தில் மூழ்கிக் காமவேளைக் கும்பிட்டால் புருசன் வருவான் என்று தோழி தேவந்தி சொல்ல, "பீடன்று" என்று முடித்துவிடுகிறாள், அது பெருமையில்லை என்று அர்த்தம். கோவலன் திரும்பி வந்து, சொத்தெல்லாம் தொலைத்தது வெட்கமாக இருக்கிறது என்றதும், சிலம்பு இருக்கிறது, எடுங்கள் என்கிறாள், அதுவும் சிரித்த முகத்தோடு. பிறகு பாண்டியன் சபையில் நின்று அரசனையே கேள்வி கேட்கும்போது இவளா அவள் என்று தோன்றும். ஆனால் பீடன்று என்று சொன்ன அதே பெண்தான், அன்றைக்கு எடுங்கள் என்று கொடுத்த சிலம்புதான் அங்கே உடைகிறது. உங்கள் கிழவியிடம் அப்படி ஒரு சொல்லோ பொருளோ முதல் அத்தியாயத்தில் இருக்கிறதா? முழுக்க நல்லவளாக இருந்தால் புயலுக்கு அவளிடம் வேலையே இல்லை, தம்பி.

ராத்திரி வாசகன்:
காற்றை ஒரேயடியாக வெட்டிப்போடாதீர்கள். நவம்பர் 23 என்று ஒரு வரி போட்டாலே எங்கட சனத்துக்கு வயிற்றைப் பிசையும். அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியில் வாசகன் மாட்டிக்கொள்வான். அன்று காலையில் அவள் கூரை வேயும் கிடுகின், அதுதான் பின்னின தென்னோலையின், விலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கட்டும், அதைவிடப் பயம் எதிலும் வராது. ஆனால் வெளியூர் வாசகனுக்கு அந்தத் தேதி வெறும் தேதிதான், அவனுக்கும் சேர்த்து ஒரு சின்ன அறிகுறி வைக்க வேண்டும். மாடு அவிழ்த்துவிடச் சொல்லிக் கத்துகிற மாதிரி ஏதாவது.

வாவிக்கரையான்:
எல்லாருக்கும் நன்றி. கிடுகு என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அம்மம்மா அந்தக் காலத்தில் பக்கத்து வளவுக்கு உப்புக்கூடக் கடன் கொடுக்க மாட்டாவாம், புயலுக்குப் பிறகுதான் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி ஒழுங்கை முழுக்க ஊற்றினா. இதை அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா, நான்தான் மரியாதைக் குறைவு என்று முன்பாதியை விட்டுவிட்டு நல்ல பாதியை மட்டும் எழுதினேன். நேற்று ராத்திரி மூன்று பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். பக்கத்து வளவுக்காரி கூரைக்குப் பத்துக் கிடுகு கேட்டு வேலியடியில் நிற்கிறாள், அம்மம்மா சுளகைப் புடைத்தபடி நிமிராமலே இல்லை என்கிறா. குசினிக்குப் பின்னால் நூறு கிடுகு அடுக்கிக் கிடக்கிறது. காற்று இன்னும் வரவில்லை. மச்சாளிடம் கொடுத்தேன், கடைசித் தாள்வரை வாசித்துவிட்டு "மறுகா?" என்று கேட்டாள்.