புதுப்பிப்பு: வாள் பாலத்தைக் கடந்தவனுக்கு அரசி ஏன் முகம் கொடுக்கவில்லை?

முந்தைய இழையில் கேட்டிருந்தேன்: க்ரெத்தியேன் த த்ருவா 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் எழுதிய லான்சலாட் கதையில், கடத்தப்பட்ட அரசி குவினிவரை (ஆர்தர் மன்னனின் மனைவி) மீட்க, கூர்தீட்டிய வாளையே பாலமாகக் கடக்கிறான் அவளைக் காதலிக்கும் ஒரு வீரன். கை, கால், முட்டியெல்லாம் ரத்தம். கடத்தியவனோடு மோதிவிட்டு அவள் முன் வந்து நின்றால், பேசக்கூட மறுக்கிறாள். ஏன்? கடைசிவரை படியுங்கள் என்றீர்கள். முடித்துவிட்டேன்.

விடை, பாலத்துக்கு முன்பே அவன் ஏறிய ஒரு வண்டியில் இருக்கிறது. குதிரையை இழந்து நடந்து வருபவனிடம், "ஏறு, நாளைக்குள் அரசியைப் பற்றித் தெரியும்" என்கிறான் வண்டியோட்டும் குள்ளன். திருடர்களையும் கொலைகாரர்களையும் ஊர் பார்க்க ஏற்றிச் செல்லும் வண்டி அது; ஏறினால் மானம் போச்சு. அறிவு வேண்டாம் என்கிறது, காதல் ஏறச் சொல்கிறது. இரண்டே அடி எடுத்துவைக்கும் நேரம் தயங்கி, ஏறிவிடுகிறான். அந்த இரண்டு அடிக்குத்தான் அவளுக்குக் கோபம்! ஒருவர் இறந்ததாக மற்றவர் நம்பித் தவித்த பிறகே அதை வாய்விட்டுச் சொல்கிறாள்.

எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. ஆனால் இந்தக் கதையில் வீரத்தைவிட மானத்தைக் கைவிடுவதே பெரிய சோதனை என்பது இப்போது தெளிவு. ஏறக்குறைய பாதிவரை அவன் பெயரே வராது. சண்டையின் நடுவே அரசிதான் 'லான்சலாட்' என்று முதலில் சொல்கிறாள்.

புதிதாகப் படிப்பவர்கள் வாள்வீச்சுகளை வேகமாகக் கடந்துவிடுங்கள். மனதுக்குள் நடக்கும் வாதங்களில் நில்லுங்கள். அடுத்து நான் படிக்கப்போவது அதே ஆசிரியரின் இன்னொரு வீரக்கதையான யுவேன்.