ஆர்.பி.டி.: நெற்றியில் நட்சத்திரம் ஒட்டியவர்களைப் பார்த்த கதைகள்

எல்லைக்கோடு:
2023 ஆகஸ்ட் 25, அமெரிக்காவின் எல் பாசோ. ‘ரெபெல்தே’ என்ற மெக்சிகோ டிவி தொடரில் நடித்த ஆறு பேரின் பாட்டுக்குழுதான் ஆர்.பி.டி., அது மறுபடி சேர்ந்து கிளம்பிய பயணத்தின் முதல் கச்சேரி. போஞ்சோ வரவில்லை, மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். நான் டிக்கெட் எடுக்கவில்லை, நாய்க்குத் தீனி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் கார்க் கண்ணாடியில் ஒரு பெண் முகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொடரில் வருகிற பள்ளிச் சீருடை: சிவப்புக் கோட்டு, தொளதொள டை, கோட்டுப் பொத்தான் போட வரவில்லை. எங்கள் மருந்துக்கடை அம்மா! ஐந்து வருஷத்தில் ஒரு தடவை சிரித்துப் பார்த்ததில்லை.

தொடரில் மியா நெற்றியில் வைத்திருப்பாளே, அந்த நட்சத்திரம். ஒட்டுகிறார், வியர்வையில் விழுகிறது. மூன்றாவது தடவை விழுந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அதை என் கையில் கொடுத்துத் தலையைக் குனிந்தார். பொட்டு வைக்கிற மாதிரி வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை மாத்திரை வாங்கப் போனேன். “பிறந்த தேதி?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

மாடிவீடு:
கோட்டு என்றதும் எனக்கு வேறு ஞாபகம். பிரேசிலின் சாவ் பாவ்லோ, 2006 பிப்ரவரி 4. ஆமாம், ஆர்.பி.டி. ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர வந்த அந்த நிகழ்ச்சி. காலையில் லிஃப்டில் மேல்வீட்டுச் சிறுமி, பதிமூன்று வயது இருக்கும், “தியோ (மாமா), முடிச்சுப் போடத் தெரியுமா?” என்று டையை நீட்டினாள். அவிழவே கூடாது என்றாள். நானும் நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டேன்.

வாகன நிறுத்துமிடத்தில் தடுப்பு சரிந்து, நெரிசலில் மூன்று பேர் செத்துப்போனார்கள். இவள் மதியம் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தாள். தலைமுடி, சட்டை எல்லாம் கலைந்திருந்தது. டையில் மட்டும் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாராவது அதைப் பிடித்து இழுத்திருந்தால்?

அக்டோபரில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் அவர்கள் கச்சேரி. அவள் அம்மா அனுப்பவில்லை. அந்தப் பெண் அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சும்மா_சொல்கிறேன்:
கோபப்படாதீர்கள், டிவிக்காரர்கள் ஆள் எடுத்து உருவாக்கிய குழுவுக்கா இவ்வளவு? கதையே அர்ஜென்டினா சரக்கு. 2002-இல் கிரிஸ் மொரேனா அங்கே எடுத்த தொடர், அதிலும் எர்ரெவே என்று ஒரு குழு உண்டு. பெத்ரோ தமியான் 2004-இல் அதை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்தார், டெலிவிசா ஒளிபரப்பியது.

நானும் ஒன்று பார்த்தேன். மாட்ரிட், 2008 டிசம்பர் 21, குழு பிரிவதற்கு முந்தைய கடைசிக் கச்சேரி. வெளியே நடைபாதையில் பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது.

மாடிவீட்டு சகோ, பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அனுப்பும்போது கழுத்தில் எதையும் கட்டாதீர்கள். டை, துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு, எதுவும் வேண்டாம். வாரை இறுக்கிய செருப்பு போடச் சொல்லுங்கள். தடுப்பு ஓரமாக நிற்கவே கூடாது. தள்ளினால் எதிர்த்துத் தள்ளாமல், இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி, மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். அப்புறம், தொடரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் 2022-இல் வந்த புதுத் தொடரில் தொடங்காதீர்கள். பழையது 440 அத்தியாயம், ஸ்பானிஷிலேயே பாருங்கள். குழுவின் ஆங்கில ஆல்பத்தைத் தொடவே வேண்டாம்.

எல்லைக்கோடு:
அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உருவாக்கிய குழு என்கிறீர்கள், அதற்காக அழுதவர்களைப் பார்த்துப் பஸ்ஸை விட்டவர் யார்?

மாடிவீடு:
17 வருஷம் தாமதமான ஆலோசனை. சரி, நன்றி.

தோசைக்கல்:
மெக்சிகோவின் குவாதலஹாரா, 2007 மார்ச். குழுவில் ஒருவரான கிறிஸ்தியான் சாவேஸ் ஓர் ஆணை மணந்த படங்களை யாரோ வெளியே விட்ட வாரம். அவர் ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தை என் அறைத்தோழன் அடுப்பு முன்னால் நின்றபடி எனக்கு வாசித்துக் காட்டினான். பாதியில் அவன் குரல் கம்மியது. முடித்துவிட்டு, “நீ என்ன நினைக்கிறாய்?” என்றான். நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். “பாட்டு நன்றாக இருந்தால் சரி” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். கல்லில் தோர்த்தியா ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. “டேய், தீயுது பார்” என்றேன்.

இரண்டு மாதத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டான்.