‘புத்துயிர்ப்பு’: நெஹ்லூதவ் திருந்தியது யாருக்காக?

கல்லுக்கட்டி வாசகி:
காரைக்குடியில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’. 1899-ல் வந்த நாவல். நெஹ்லூதவ் என்கிற பிரபு ஜூரியாக உட்கார்ந்திருக்கிறார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு எதிரே நிற்பவள், முன்பு அத்தைமார் வீட்டில் அவர் கெடுத்து, நூறு ரூபிளைத் திணித்துவிட்டுப் போன கத்யூஷா. கொல்லும் எண்ணம் இல்லை என்று தீர்ப்பில் சேர்க்க ஜூரிகள் மறந்துவிட, அவளுக்கு சைபீரியாவில் நாலு வருஷக் கடுந்தண்டனை. இவர் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிப் பின்னாலேயே போகிறார்.

வட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் மகான். எனக்கு எரிச்சல்தான். எங்கள் வளவில் ஒரு பெரியவர், கடன்பட்ட ஒருவருக்கு வட்டியைத் தள்ளிக் கொடுத்தார். அப்புறம் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் முகப்பில் எல்லார் முன்னாலும் “என்னப்பா, இப்ப சௌகரியமா?” என்பார். அந்த மனுஷன் பந்திக்கு உட்காராமலே போய்விடுவார். நெஹ்லூதவும் அந்த ரகம்தானே?

தேவகோட்டையான்:
ஆச்சி, உங்கள் எரிச்சலை டால்ஸ்டாயே கத்யூஷா வாயில் வைத்துவிட்டார். சிறையில் முதல் சந்திப்பைப் பாருங்கள். இவர் மன்னிப்பு, பாவம் என்று உருகுகிறார். அவள் அதிகாரி பார்க்காத நேரமாகப் பார்த்துப் பத்து ரூபிள் கேட்கிறாள். அடுத்த சந்திப்பில் கல்யாணப் பேச்சை எடுத்ததும் வெடிக்கிறாள்: இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், அந்த உலகத்திலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்கிற மாதிரி. தன் கதாநாயகனை இப்படிக் கேட்கவிட எத்தனை எழுத்தாளருக்கு மனசு வரும்?

புதுவயல் மீனா:
எல்லாரும் காதலையே பேசுகிறீர்கள். நிலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நெஹ்லூதவ் தனக்கு நிலமுள்ள குஸ்மின்ஸ்கோயே கிராமத்தில் சுற்றுவட்டாரத்தைவிடக் குத்தகையைக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைக்கிறார். குடியானவர்களுக்கும் திருப்தியில்லை, அவருக்கும் உள்ளே ஏதோ குறை. அடுத்து பானோவோ கிராமத்தில், நிலம் எல்லாருக்கும் பொது என்று சொன்ன அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ் வழியில், கட்டுகிற குத்தகை அவர்களுடைய பொதுப்பணத்துக்கே போகட்டும் என்கிறார். அப்போதும் முதலில் இதில் என்ன சூதோ என்றுதான் பார்க்கிறார்கள். எங்கள் அப்பா வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர், அதனால் சொல்கிறேன்: சந்தேகப்பட்டது ரொம்ப சரி. ஐயா மனசு நாளைக்கு மாறாது என்று யார் கண்டது?

கல்லுக்கட்டி வாசகி:
மீனா, அந்த அத்தியாயங்களை நான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். திரும்பப் படிக்கிறேன். ஆனால் நல்லதனம் என்றால் எனக்கு முதல் பாகத்து ஈஸ்டர் இரவுதான். சர்ச் வாசலில் மூக்கு இருந்த இடத்தில் தழும்பு மட்டும் உள்ள பிச்சைக்காரனுக்குக் காசு கொடுத்துவிட்டு, முகம் சுளிக்காமல் மூன்று முறை முத்தமிடுகிறாள் கத்யூஷா. அவள் அதைப் பற்றி ஒரு வரிகூட யோசிப்பதில்லை. நெஹ்லூதவ் ஒரு ரூபிள் கொடுத்தால் மூன்று பக்கம் யோசிப்பார்!

தேவகோட்டையான்:
அது சரி. இன்னொன்று. 1887-ல் கோனி என்ற சட்ட நிபுணர் சொன்ன உண்மைச் சம்பவம்தான் இதற்கு விதை. அதில் அந்தப் பெண் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். நடப்பதற்குள் சிறையிலேயே டைபஸ் காய்ச்சலில் இறந்துபோகிறாள். டால்ஸ்டாயோ அவளை உயிரோடு வைத்து, “வேண்டாம்” என்று சொல்லவைத்து, சீமோன்சன் என்ற அரசியல் கைதியோடு அனுப்பிவிடுகிறார். நெஹ்லூதவ் கேட்ட மன்னிப்பு கிடைக்கிறது, கேட்ட தண்டனை கிடைக்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் நாவல்.

புதுவயல் மீனா:
அதற்கப்புறம் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறாரே, அது? இப்படி சுவிசேஷ வசனத்தை வைத்து முடிப்பது முடிவே இல்லை என்று ரஷ்ய எழுத்தாளர் செகாவ் அப்போதே கடிதத்தில் எழுதிவிட்டார். நான் செகாவ் கட்சி.

கல்லுக்கட்டி வாசகி:
நானும்தான். சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்துவிடு மீனா, பானோவோ அத்தியாயத்தை நீயே வாசி. மகான் கட்சிக்காரர்கள் நிறைய வருவார்கள்.